மாதவிடாய் நிற்கும் காலம்: குறிப்பேடு முதல் எலும்பு வரை, எதை எந்த வரிசையில் செய்வது?

மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும் வயதில் பெரும்பாலான பெண்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறார்கள். யாரோ சொன்ன லேகியத்தை வாங்குகிறார்கள், வெந்தயத்தை ஊறவைக்கிறார்கள், சோயா பாலையும் ஆளிவிதைப் பொடியையும் ஒரே வாரத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து, இந்த வயதில் திடீரென வரும் வியர்வை குறைந்திருந்தால் அது எதனால் குறைந்தது என்று தெரிவதில்லை. குறையாவிட்டால் எதை நிறுத்துவது என்றும் தெரிவதில்லை. என் 46ஆம் வயதில் நானும் இப்படித்தான் தொடங்கினேன். அதன் பிறகு என் நாத்தனாருக்கும் எங்கள் தெருப் பெண்கள் சிலருக்கும் உடனிருந்து பார்த்த அனுபவத்தில், கீழே உள்ள வரிசையில் செய்தவர்களுக்கே செலவும் அலைச்சலும் குறைந்தன.

1. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

கருத்தரிப்போ மருந்தோ வேறு நோயோ காரணமாக இல்லாமல், தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டது என்று மருத்துவம் கணக்கிடுகிறது. பதினோராவது மாதத்தில் ஒரு நாள் மட்டும் ரத்தம் பட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். உலக அளவில் பெரும்பாலானோருக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது.

அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் கடினமானவை. சினைப்பைகள் ஒரேயடியாக ஓய்ந்துவிடுவதில்லை. ஒரு மாதம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும், அடுத்த மாதம் சரிந்துவிடும். அதனால்தான் மூன்று மாதம் வராமல் இருந்துவிட்டுப் பிறகு பத்து நாள் கொட்டித் தீர்ப்பதும், 20 நாளுக்கு ஒரு முறை வருவதும் நடக்கின்றன. இந்தக் கட்டத்தில் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 50 வயதைக் கடந்தவர்கள் கடைசி மாதவிடாய்க்குப் பிறகு ஓராண்டும், 50க்குக் குறைந்தவர்கள் இரண்டு ஆண்டுகளும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும்.

40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் ஈஸ்ட்ரோஜனை இழந்த எலும்புக்கும் இதயத்துக்கும் உணவும் உடற்பயிற்சியும் மட்டும் போதாது. 40 முதல் 45 வயதுக்குள் நின்றவர்களும் ஒரு முறை மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு மாதக் கணக்கு உதவாது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா என்பதை அறுவை சிகிச்சைச் சீட்டில் தேடிப் பாருங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் மறுநாளிலிருந்தே மாதவிடாய் நின்ற நிலைதான். அறிகுறிகளும் கடுமையாக இருக்கும். “கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொல்லக் கேட்டு அறுவைக்குத் தயாராகும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். உடம்பு குப்பென்று சூடாகி வியர்ப்பதற்கு அந்த அறுவை தீர்வாகாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மாதக் காலண்டர், ஒரு சிறிய குறிப்பேடு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர்ப்பட்டியல், கடந்த ஓராண்டின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், இன்றைய எடை. இவ்வளவு போதும்.

மாதக் காலண்டர் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் நாத்தனார் மாதவிடாய் வந்த நாளை எல்லாம் சமையலறையில் தொங்கும் தினசரிக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். மறுநாள் காலையில் அந்தத் தாளைக் கிழித்து, அதிலேயே கடுகையோ மிளகையோ மடித்து வைத்துவிடுவார். மருத்துவர் கடைசித் தேதியைக் கேட்டபோது எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

3. மூன்று வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். மாற்றங்களைத் தொடங்கும் முன் உடம்பு எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பிறகு முன்னேற்றத்தை அளக்க வழியில்லை. அறிகுறிகள் தாமாகவே ஏறி இறங்கும் இயல்புடையவை. மோசமான வாரத்தில் எதைச் சாப்பிடத் தொடங்கினாலும் அடுத்த வாரம் அதனால்தான் குறைந்தது போலத் தோன்றும்.

ஒரு நாளைக்கு இரண்டு வரி எழுதினால் போதும். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு நாள்: “பகலில் 4 முறை சூடு. 11 மணிக்கு அடுப்படியில், 3 மணிக்குக் காபி குடித்ததும். இரவு 2 மணிக்கு விழிப்பு, ஜாக்கெட் நனைந்துவிட்டது, மறுபடி தூங்க 1 மணி நேரம். படபடப்பு, மாடிப்படி ஏறும்போது.” எத்தனை முறை, எந்த நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தூக்கம் எவ்வளவு, ரத்தப்போக்கு உண்டா என்பவை இருந்தால் போதும்.

4. வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்

மேலே உள்ள குறிப்பின் கடைசி வரியைக் கவனியுங்கள். மாடிப்படி ஏறும்போது வந்த படபடப்பை நான் பல மாதங்கள் வயதின் கோளாறு என்றே நினைத்திருந்தேன். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது. அதிக ரத்தப்போக்கால் வந்த ரத்தசோகை அது. இரும்புச்சத்து மாத்திரையில் படபடப்பு அடங்கியது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எனவே அதை முதலில் சந்தேகிப்பதில் தவறில்லை.

தைராய்டு மிகையாகச் சுரந்தால் வியர்வையும் படபடப்பும் வரும். குறைவாகச் சுரந்தால் எடை ஏறும், சோர்வு வரும், முடி கொட்டும். சர்க்கரை நோய் இரவில் சிறுநீர் கழிக்க எழுப்பித் தூக்கத்தைக் கெடுக்கும். ஆகவே ஹீமோகுளோபின், தைராய்டு, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் உங்கள் தெருவுக்கு வரும்போது ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது கர்ப்பப்பை வாய், மார்பகப் பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

45 வயதைத் தாண்டி வழக்கமான அறிகுறிகளோடு இருப்பவர்களுக்கு, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். போன்ற ஹார்மோன் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. இந்தக் கட்டத்தில் அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், ஒரு நாள் எடுத்த ரத்தத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்குத் தொடர்ந்து சில மணி நேரம் ரத்தம் போனாலும், ஏழு நாட்களைத் தாண்டினாலும், இரண்டு மாதவிடாய்க்கு இடையிலோ உடலுறவுக்குப் பின்னரோ ரத்தம் பட்டாலும், இந்த வயதில் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள். மார்பு அழுத்தத்தோடு வரும் வியர்வைக்கு ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. பெண்களின் மாரடைப்பு இப்படித் தவறாகக் கணிக்கப்பட்டுத் தாமதமாவது உண்டு.

5. உடம்பில் திடீரென ஏறும் சூடு

இதை நம் பெண்கள் ‘உடம்புச் சூடு’ என்றும் ‘பித்தம்’ என்றும் புரிந்துகொள்வதால், எண்ணெய்க் குளியல், மோர், வெந்தயம் என்று வயிற்றைக் குளிர்விக்கும் வழிகளிலேயே இறங்குகிறார்கள். சூடு தொடங்கும் இடம் மூளை. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி, ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மிகச் சிறிய வெப்ப மாற்றத்தைக்கூடப் பொறுக்காமல், உடம்பு கொதித்துவிட்டதாக எண்ணித் தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் ஒன்று முதல் ஐந்து நிமிடம் நீடிக்கும், முடிந்ததும் குளிரெடுக்கும்.

இதிலிருந்து செய்ய வேண்டியது புரிகிறது. உடம்பின் வெப்பத்தைச் சிறிதளவுகூட உயரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே மெல்லிய பருத்தி, மேலே எளிதில் கழற்றக்கூடிய துணி என்று உடுத்துங்கள். சமையலின் பெரும்பகுதியை வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். படுக்கையருகே ஒரு மாற்றுத் துணியும் தண்ணீரும் வைத்திருங்கள். விழித்து அலமாரியைத் தேடி விளக்கைப் போடுவதில்தான் மறுபடி வரவேண்டிய தூக்கம் போய்விடுகிறது. குறிப்பேட்டில் காபிக்குப் பின்னால் மீண்டும் மீண்டும் சூடு வந்திருந்தால் அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வராதவர்கள் காபியை விட வேண்டிய அவசியமில்லை.

இவையெல்லாம் அந்த நேரத்துத் தொல்லையைத் தணிக்கும். எண்ணிக்கையைக் குறைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வட அமெரிக்க மெனோபாஸ் (மாதவிடாய் நிற்றல்) சங்கம் 2023இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, ஹார்மோன் அல்லாத வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டது. சூட்டைக் குறைப்பதற்கென்று பரிந்துரைக்கும் அளவுக்கு யோகாவுக்கும், மூச்சுப் பயிற்சிக்கும், சோயாவுக்கும், மூலிகைகளுக்கும் சான்று போதவில்லை என்றது. மருந்தில்லா வழிகளில் அது பரிந்துரைத்தவை, சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சி, மருத்துவ முறை ஹிப்னாஸிஸ், எடை கூடியவர்கள் எடையைக் குறைப்பது ஆகியவைதாம். யோகாவை விட்டுவிடச் சொல்லவில்லை நான். அதனால் தூக்கத்துக்கும் மனத்துக்கும் நன்மை உண்டு. ஆனால் வியர்வை நிற்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்குபவர்கள், நிற்கவில்லை என்றதும் பத்தே நாளில் கைவிட்டுவிடுகிறார்கள்.

அந்த உளவியல் பயிற்சியின் எளிய வடிவத்தை வீட்டிலேயே தொடங்கலாம். சூடு ஏறும்போது “எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்” என்று ஓடும் எண்ணத்தை அடையாளம் கண்டு, “மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும்” என்று மாற்றிச் சொல்லிக்கொண்டு, தோளைத் தளர்த்தி மெதுவாக மூச்சை விட வேண்டும். பதற்றமே சூட்டை மேலும் கடினமாக உணரவைப்பதால் இது பயன் தருகிறது.

6. தூக்கத்தைத் தனியாகக் கவனியுங்கள்

மதிய உணவுக்குப் பின் காபி, தேநீர் வேண்டாம். எழும் நேரத்தை ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு தூக்கம் கெட்டாலும் காலையில் தாமதமாக எழாதீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் விழித்துக் கிடந்தால் எழுந்து வேறிடத்தில் உட்காருங்கள். படுக்கை என்றால் விழிப்பு என்று உடம்பு பழகிவிடாமல் தடுக்க இதுவே வழி.

7. எலும்புக்கான உணவைக் கணக்கிட்டுச் சாப்பிடுங்கள்

வியர்வை சில ஆண்டுகளில் தானாக அடங்கும். எலும்பின் இழப்பு தானாகத் திரும்பாது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக வேகமாகத் தேய்கிறது என்பதால், இந்தப் படியில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒரு நாளைக்குச் சுமார் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். “நான் தினமும் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேனே” என்று பலர் சொல்வார்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் ஒரு சொம்பு நீர்த்த கூழில் இருக்கும் மாவு 30 கிராம்தான். அதாவது நூறு மில்லிகிராம். தேவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரு நாள் உங்கள் கூழுக்குப் போடும் மாவைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

கணக்கு நிறையும் ஒரு நாள் இப்படி இருக்கும்: காபியில் சேர்வது உட்பட 400 மில்லி பாலில் 480, ஒரு கிண்ணம் தயிரில் 200, கேழ்வரகு அடை இரண்டில் 200, ஒரு பிடி முருங்கைக்கீரைப் பொரியலில் 150, ஒரு மேசைக்கரண்டி எள்ளுப்பொடியில் நூறுக்கு மேல். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முள்ளோடு மெல்லும் நெத்திலி நல்லது. பசலைக்கீரையில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம் என்பதால் அதன் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாத்திரை எடுக்க நேர்ந்தால், ஒரு முறைக்கு 500 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் அல்லது இரும்பு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பாலையும் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது.

கால்சியத்தைச் சேர்க்க வைட்டமின் டி வேண்டும். காலை ஆறு மணி நடைப்பயிற்சியில் அது கிடைக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்து வெயில்தான் தோலில் வைட்டமின் டியை உருவாக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போடும் வேலையைப் பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டால் அதுவே பெரிதும் உதவும்.

புரதத்தை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தங்களி இந்த வகையில் நல்ல உணவுதான். அதன் உளுந்துக்காகச் சாப்பிடுங்கள், ஹார்மோனைக் கூட்டும் என்பதற்காக வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

8. நடையோடு நிறுத்தாமல் தசைக்கு வேலை கொடுங்கள்

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை இதயத்துக்கு நல்லது. எலும்பு வலுப்பெற, தசை அதை இழுக்க வேண்டும்; அதற்குப் பளு தேவை. வாரம் இரண்டு, மூன்று நாட்கள் இவற்றைச் செய்யுங்கள்: கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குதல். பத்து முறை எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் எலும்புக்குப் புதிய தூண்டுதல் இல்லை. “வீட்டு வேலையே போதும்” என்பது இந்த இடத்தில்தான் தவறாகிறது. அதில் பளு ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் நிற்கிறது.

எலும்பு ஏற்கெனவே தேய்ந்தவர்கள், லேசாக விழுந்து எலும்பு முறிந்தவர்கள், முதுகை வளைத்துக் குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பின் முன்பக்கம் நொறுங்கும் ஆபத்து உண்டு.

9. வாய்விட்டுச் சொல்லாத தொல்லைகள்

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, தும்மும்போது சிறுநீர் சிந்துவது: இவற்றைப் பெரும்பாலான பெண்கள் கணவரிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் சொல்வதில்லை. மாடியில் துணி எடுக்கும்போது ஒருநாள் மெல்லிய குரலில் “அக்கா, உங்களுக்கும் இப்படி எரியுதா?” என்று கேட்ட ஒரு பெண் மூன்று ஆண்டுகளாகத் தாங்கிக்கொண்டிருந்தார். வியர்வை காலப்போக்கில் அடங்குவது போல இவை சரியாவதில்லை, கூடத்தான் செய்யும். ஆகவே சீக்கிரம் சொல்வதே நல்லது.

சோப்பும் வாசனைத் திரவமும் அங்கே வேண்டாம்; வெறும் தண்ணீர் போதும். உறவின்போது நீர் அடிப்படையிலான ஜெல்லைப் பயன்படுத்தலாம். தேங்காய் எண்ணெயும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் அது ஆணுறையைக் கிழித்துவிடும். இவை போதாவிட்டால் உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அது ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது.

சிறுநீர் சிந்துபவர்கள் இடுப்புத்தளத் தசையைப் பயிற்ற வேண்டும். வாயு பிரிவதை அடக்குவது போல உள்ளே இழுத்து ஐந்து முதல் பத்து விநாடி வைத்திருந்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்குவது பொதுவான தவறு. சிறுநீர் கழிக்கும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது இன்னொரு தவறு. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தொற்று வரலாம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

10. மூலிகைகளை இதற்குப் பிறகே, ஒவ்வொன்றாக

இதுவரை உள்ள படிகளை இரண்டு மாதம் செய்த பிறகும் ஏதேனும் சேர்க்க விரும்பினால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேர்த்து, ஆறு முதல் எட்டு வாரம் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். சோயாவை உணவாகச் சாப்பிடுவதில் பெரும்பாலானோருக்குத் தீங்கில்லை. பலன் இருந்தாலும் சிறிதாகவே இருக்கும். வெந்தயம் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தைப் பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். முகவரி இல்லாத பொடிகளில் ஈயம் போன்ற கனஉலோகங்கள் கலந்திருக்கலாம். இணையத்தில் விற்கும் பிளாக் கோஹோஷ் என்ற வெளிநாட்டு மூலிகை மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஹார்மோன் போலச் செயல்படும் எதையும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

11. இயற்கை வழிகள் போதாதபோது

மூன்று மாதம் கழித்தும் தூக்கமும் வேலையும் கெட்டுக்கொண்டிருந்தால் ஹார்மோன் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதைத் தோல்வியாக எண்ணி ஆண்டுக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 60 வயதுக்குக் குறைந்தவர்கள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் இருப்பவர்கள், தடை எதுவும் இல்லாவிட்டால், பொதுவாக அபாயத்தைவிடக் கூடுதலான பலனையே பெறுகிறார்கள். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் ஆகியவை வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் அது ஏற்றதல்ல. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு. குறிப்பேட்டை எடுத்துப் போங்கள். ஐந்து நிமிடச் சந்திப்பில் எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொல்ல முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் அழுகையாகவே இருந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

12. பன்னிரண்டு மாதம் நிறைந்த பிறகு

காலண்டரில் அந்தத் தேதியைப் பெரிதாகக் குறித்து வையுங்கள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும். பெரும்பாலும் அது வறட்சியாலோ சிறு கட்டியாலோ இருக்கும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயாக இருக்கிறது, அதுவும் தொடக்கத்திலேயே கண்டால் குணமாகக்கூடிய நிலையில். “திரும்ப வந்துடுச்சு, உடம்பு நல்லா இருக்கு போல” என்று மகிழ்ந்து மறைத்துவைத்த ஒருவரை எனக்குத் தெரியும் என்பதால், இதை என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, என் மகளிடமும் காட்டியிருக்கிறேன்.